விழுந்தவனைத் தூக்கி மறுபடி ஓட வைக்காதீர்கள்

ஜனவரி பிறந்தால் போதும், எனக்கு இந்த அழைப்பு வந்துவிடுகிறது. பையன் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் ஃபுட்பால் அணியில் முதலாண்டு. நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு மோதி ஆடுகிற அமெரிக்கன் ஃபுட்பால். விடுமுறை முடிந்து திரும்பிய முதல் வாரம். இரண்டு தொடையும் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது, படி இறங்க முடியவில்லை, சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது. “ஐஸ் வைத்துக்கொள், நிறையத் தண்ணீர் குடி என்று கோச் சொன்னாராம். சரியாகிவிடும்தானே?” என்று அம்மா கேட்கிறார். சரியாகாது. போனை வைத்துவிட்டு அவனை உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள் என்றேன். வருடா வருடம் இதையே சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் அத்லெட்டிக் டிரெய்னராக வேலை பார்ப்பவன். பளு தூக்கச் சொல்லிக் கொடுக்கிற ஆள் என்று என் சொந்தக்காரர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஸ்ட்ரென்த் கோச்சின் வேலை. அவர் தூக்க வைத்ததில் யாராவது சுருண்டு விழுந்தால் முதலுதவிப் பையோடு ஓடுகிறவன் நான்.

அமெரிக்கன் ஃபுட்பால் என்றதும் பெற்றோர் எல்லோரும் தலையோடு தலை மோதுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான், தலைக்காயம் சின்ன விஷயமில்லை. ஆனால் 2000 முதல் 2016 வரை என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் அணிகளில் விளையாட்டின்போதும் பயிற்சியிலும் இறந்த ஃபுட்பால் வீரர்கள் 33 பேர். அதில் அடிபட்டு இறந்தவர்கள் 6 பேர்தான். மற்ற 27 பேர் மேல் எதிரணியின் கை படவில்லை. இதயம், ஹீட் ஸ்ட்ரோக் (உடம்பு அளவு மீறிச் சூடாவது), அரிவாள் செல் மரபணு (ரத்தச் சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைக்கக்கூடிய பரம்பரைக் குறை) என்று காரணங்கள் வேறு வேறு. இடம் மட்டும் பெரும்பாலும் ஒன்று: ஆட்டமே இல்லாத மாதங்களில் நடக்கும் ஓட்டமும் பளுவும். ரசிகர் இல்லை, கேமரா இல்லை, ஸ்கோர் போர்டும் இல்லை. சொந்தக் கோச் விசில் ஊதுகிறார், பையன் ஓடுகிறான்.

ஏன் இப்படி ஓட வைக்கிறார்கள் என்று கேட்டால், ஜெயிக்க. அந்த அழுத்தம் பொய்யில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் அல்ல, அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அல்லது கூடைப்பந்து கோச். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் தலைமைக் கோச்சை ஒப்பந்தம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பியது. அதற்காக அவருக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலையை விட்டுத் துரத்துவதற்கே அவ்வளவு பணம். தலைமைக் கோச்சாவது பணத்தோடு போகிறார். அவர் கூட்டி வந்த உதவியாளர்களும் ஸ்ட்ரென்த் கோச்சும் வேறு ஊரில் வேலை தேட வேண்டும், வீட்டை விற்க வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டும். ஆக மேலே இருப்பவர் மீது விழுகிற அழுத்தம் படிப்படியாக இறங்கி, கடைசியில் பதினெட்டு வயதுப் பையனின் தொடைத் தசையில் போய் உட்காருகிறது.

எனக்கு எரிச்சல் வருவது அழுத்தத்தைப் பார்த்து அல்ல. “மன உறுதி” என்ற பேச்சைக் கேட்டுத்தான். விழுகிறவன் கோழை, எழுந்து ஓடுகிறவன் வீரன், போன சீசன் தோற்றதற்குக் காரணம் நம் பையன்களுக்கு மன உறுதி போதாதது, அதனால் இந்தக் குளிர்காலத்தில் அவர்களை உடைத்துப் புதிதாகச் செய்வோம் என்று ஆரம்பிப்பார்கள். புதிதாக வந்த கோச் என்றால் இந்தப் பேச்சு இரண்டு மடங்கு.

இதற்கு மூல புராணம் ஒன்று உண்டு. 1954-இல் பேர் பிரையன்ட் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்குப் புதுக் கோச்சாக வந்தார். அணியை ஜங்ஷன் என்ற சின்ன ஊருக்குக் கூட்டிப் போய், வறட்சிக் காலத்து வெயிலில், பயிற்சியின்போது தண்ணீர்கூடத் தராமல் பத்து நாள் வதக்கி எடுத்தார். இரண்டு பஸ்ஸில் போனவர்கள் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஒருவர் ஹீட் ஸ்ட்ரோக்கில் சாவின் வாசல் வரை போய் வந்ததை அவ்வளவு பெருமையாகச் சொல்வதில்லை. சரி, இப்படி உருக்கி வார்த்த அணி அந்த ஆண்டு என்ன செய்தது தெரியுமா? ஒன்றில் ஜெயித்து ஒன்பதில் தோற்றது. இரண்டு வருடம் கழித்து 1956-இல் அந்த அணி ஒரு தோல்விகூட இல்லாமல் முடித்தது உண்மைதான். ஆனால் அந்த அணியின் பெரிய நட்சத்திரம் ஜான் டேவிட் குரோ ஜங்ஷனுக்குப் போகவே இல்லை. 1954-இல் அவர் முதலாண்டு மாணவர், அந்தக் காலத்தில் முதலாண்டுக்காரர்களுக்குப் பிரதான அணியில் இடம் கிடையாது. இந்தக் கதையைச் சொல்லிப் பையன்களைத் துரத்துகிற கோச்சுகளிடம் இந்த இரண்டு தகவலையும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டுக்கொண்டு விசிலை எடுத்து ஊதுவார்கள்.

மன உறுதிக் கணக்கு எவ்வளவு தப்பு என்று களத்தில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். உறுதி குறைந்தவன் ஆறாவது ஓட்டத்திலேயே நின்றுவிடுவான், திட்டு வாங்குவான், சாயங்காலம் சாப்பிடப் போவான். அவனுக்கு ஒன்றும் ஆகாது. விழுகிறவன் நிற்கத் தெரியாதவன். அணியில் இடம் பிடித்தே ஆக வேண்டும் என்று வந்தவன், உடம்பு கெஞ்சுவதைக் கேட்காமல் ஓடுகிறவன். கோச் தேடுகிற அதே மன உறுதிதான் அவனைக் கொல்கிறது.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. ஹீட் ஸ்ட்ரோக் வருகிறவன் எப்போதும் பேச்சுமூச்சில்லாமல் சாய்வதில்லை. முதலில் மூளைதான் தடுமாறும். வாய் குளறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும், கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குறுக்கே நடப்பான். அமைதியான பையன் திடீரென்று கோச்சைக் கெட்ட வார்த்தையில் திட்டுவான், தாங்கிப் பிடிக்க வருகிறவனை அடிக்கக் கை ஓங்குவான். இதை “திமிர்” என்று எடுத்துக்கொண்டு கூடுதலாக இரண்டு ஓட்டம் தண்டனை தருகிறவர்கள் இருக்கிறார்கள். திமிர் இல்லை ஐயா, மூளை வேகிறது. அந்த நேரத்தில் அவன் தோல் காய்ந்திருக்க வேண்டும் என்பதும் தப்பு. ஓடி விழுகிறவன் பெரும்பாலும் வேர்வையில் நனைந்துதான் இருப்பான்.

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 2018 மே 29 அன்று நடந்தது இதுதான். ஜோர்டன் மெக்னேர், வயது 19. 110 கஜ ஓட்டம் பத்து. கடைசி ஓட்டங்களில் தள்ளாடியவனைச் சக வீரர்கள் தாங்கிப் பிடித்து முடிக்க வைத்தார்கள். அறிகுறி தெரிந்த பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மருத்துவமனையில் பார்த்தபோது உடல் வெப்பம் 106 டிகிரி ஃபாரன்ஹீட். ஜூன் 13 அன்று இறந்தான். பனிக்கட்டித் தொட்டியில் அவனை இறக்கவே இல்லை. ஆள் பெரிய உருவம், உள்ளே மூழ்கிவிடுவானோ என்று பயந்ததாகப் பின்னால் நடந்த ஆய்வில் சொன்னார்கள். அக்டோபர் 30 அன்று தலைமைக் கோச் பதவியில் நீடிப்பார் என்றார்கள். எழுந்த எதிர்ப்பில் மறுநாளே அவரை நீக்கினார்கள். மேரிலாண்ட் மாநிலம் 2021-இல் மெக்னேர் பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டு வந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரே பாடம்: முதலில் குளிர்வி, அப்புறம் கொண்டு போ. அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர்வித்துவிட்டால் பிழைக்காதவர் அநேகமாக இல்லை. நெற்றியிலும் காதிலும் வாயிலும் வைத்துப் பார்க்கும் அளவு ஏமாற்றும், மலக்குடல் வெப்பமானிதான் நம்பகமானது. வெட்கப்பட நேரமில்லை. ஐஸும் தண்ணீரும் கலந்த தொட்டியில் கழுத்து வரை இறக்கி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்து, 102 டிகிரிக்கு வந்ததும் வெளியே எடுக்க வேண்டும். தலை மூழ்காமல் இருக்க அக்குளுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துப் பின்னாலிருந்து ஒருவர் இழுத்துப் பிடித்தால் போதும், 300 பவுண்டு ஆளையும் பிடிக்கலாம். தொட்டி இல்லையா? ஒரு தார்ப்பாயின் ஓரங்களை நாலைந்து பேர் தூக்கிப் பிடித்து, நடுவில் அவனைக் கிடத்தி ஐஸ் தண்ணீரைக் கொட்டுங்கள்.

தண்ணீர் பாட்டிலைக் காட்டி “நாங்கள் நன்றாகக் குடிக்க வைக்கிறோமே” என்கிறவர்களுக்கு ஒரே வரி: தண்ணீர் அவசியம், ஆனால் நிறுத்தாமல் ஓடுகிறவனை அது காப்பாற்றாது, அளவு மீறிக் குடித்தால் அதுவே உப்பைக் குறைத்து ஆளைச் சாய்க்கும்.

முதலில் சொன்ன கோலா நிறத்துக்கு வருகிறேன். அது ராப்டோ, அதாவது தசை உடைந்து அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைப்பது. இதற்கு வெயில் வேண்டியதே இல்லை. 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழகத்தில் விடுமுறை முடிந்து வந்ததும் தோளில் பளுவோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 100 செய்ய வைத்தார்கள். 13 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சில மாதத்தில் அந்த ஸ்ட்ரென்த் கோச்சுக்கு அணியின் சிறந்த உதவிக் கோச் என்று விருது வேறு. 2017 ஜனவரியில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர். அங்கே முந்தைய சீசனில் 4 வெற்றி, 8 தோல்வி. புதுக் கோச், புதுக் குழு, விடுமுறைக்குப் பின் முதல் பயிற்சி. இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அரிவாள் செல் மரபணு உள்ளவன் விழுவது வேறு மாதிரி இருக்கும். ஓட ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே கால் பலவீனமாகி உட்கார்ந்துவிடுவான், பேசிக்கொண்டுதான் இருப்பான். தசைப்பிடிப்பு என்று நினைத்து எழுப்பாதீர்கள். உட்கார விடுங்கள், ஆக்சிஜன் கொடுங்கள், சீக்கிரம் தெளியாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2006-இல் ஒரு வீரர் இப்படி இறந்த பிறகுதான் என்சிஏஏவின் முதல் பிரிவு அணிகளில் 2010 முதல் இந்த மரபணுவுக்கான சோதனை வந்தது. இது கறுப்பினத்தவருக்கு மட்டும் என்று நம் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். இந்திய வம்சாவளியிலும் உண்டு. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை என்றால் பிறந்தவுடன் எடுத்த ரத்தச் சோதனையிலேயே இருக்கும், தேடி எடுங்கள். சோதனை வேண்டாம் என்று கையெழுத்துப் போட எங்கேயாவது காகிதம் நீட்டினால் தயவுசெய்து போடாதீர்கள்.

பிள்ளையைச் சேர்க்கப் போகிற அன்று ஸ்டேடியம் எவ்வளவு பெரியது, சாப்பாடு எப்படி என்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஐஸ் தொட்டி எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள். ஓட்டப் பயிற்சிக்கு அத்லெட்டிக் டிரெய்னர் நேரில் வருவாரா, அவருக்குச் சம்பளம் போடுவதும் வேலையை விட்டு எடுப்பதும் யார் கையில் என்று கேளுங்கள். கோச் கையில் என்றால் யோசியுங்கள். பெரிய கான்ஃபரன்ஸ்கள், அதாவது கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகள், 2016-இல் வாக்களித்துக் கொண்டு வந்த விதிப்படி மருத்துவ முடிவில் டிரெய்னரும் டாக்டரும் சொன்னதுதான் கடைசி, கோச் மறுக்க முடியாது. காகிதத்தில் அப்படி. நடைமுறையில் எப்படி என்று இரண்டாம் ஆண்டு மாணவனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள், அவன் முகமே சொல்லிவிடும்.

கோச்சுகளே, உங்களில் யாராவது படித்தால்: விடுமுறைக்குப் பின் முதல் வாரம் பாதி அளவில் ஆரம்பியுங்கள். வகுப்புக்குத் தாமதமானதற்கு ஓட்டத்தைத் தண்டனையாகத் தராதீர்கள். ஆட்டத்தில் தோற்றால் வேலைதான் போகும்.

தம்பிகளுக்கு: சிறுநீர் கறுத்தால் ஐபுபுரூஃபன் வலி மாத்திரை போடாதே, சிறுநீரகம் இன்னும் கெடும். அறைத்தோழனை எழுப்பிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போ. கடும் பயிற்சிக்குப் பிறகு இப்படி ஆனது, ராப்டோவாக இருக்கலாம், சிகே அளவு (தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) பாருங்கள் என்று வாய்விட்டுச் சொல். கோச்சுக்குக் காலையில் தகவல் சொல்லிக்கொள்ளலாம்.