விரல் வெடிப்பும் விடாத இருமலும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூ கட்டும் அக்கா ஒருவர் "படி ஏற முடியல டாக்டர்" என்று வந்தார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் ஏறிப் பழகியவர். இந்த முறை பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். நாற்காலியை விட்டு எழும்போதும் கையை ஊன்றித்தான் எழுந்தார். மூன்று மாதமாக வறட்டு இருமல் வேறு. காசநோய்ச் சோதனையில் ஒன்றுமில்லை.

விரல்களைக் காட்டச் சொன்னேன். ஆட்காட்டி விரலில், கட்டைவிரலைப் பார்த்த பக்கம், தோல் தடித்துக் கோடு கோடாக வெடித்து, வெடிப்புக்குள் அழுக்கு ஏறியதுபோல் கறுத்திருந்தது. "நூல் இழுத்து இழுத்து இப்படி ஆச்சு" என்றார். நூல் இழுப்பது வலக்கை. வெடிப்போ இரண்டு கையிலும். மருத்துவத்தில் இதற்கு 'மெக்கானிக் கை' என்றே பெயர். தசை பலவீனம், இருமல், வெடிப்பு மூன்றும் ஒரே நோய்: ஆன்டிசிந்தடேஸ் சிண்ட்ரோம். அரிய நோய்தான்.

சிந்தடேஸ் என்றால் என்ன? அவர் தொழிலை வைத்தே சொன்னேன். புரதம் ஒரு மாலை. அமினோ அமிலங்கள் பூக்கள், 20 வகை. ஒவ்வொரு பூவையும் மாலை கட்டும் இடத்துக்குத் தூக்கி வரும் ஆள் டி.ஆர்.என்.ஏ. எந்த ஆள் கையில் எந்தப் பூ என்று பார்த்துக் கொடுப்பதுதான் சிந்தடேஸ் என்ற நொதி. பூவுக்கு ஒரு நொதி. மாலை கட்டும் ரைபோசோம் பூவைப் பார்ப்பதில்லை, ஆளை மட்டும்தான் பார்க்கும். ஆகவே நொதி தப்பு செய்தால் மாலையிலும் தப்புதான். ஐசோலியூசின், வாலின் என்ற இரண்டு பூக்களும் கிட்டத்தட்ட ஒன்று. வாலினுக்கு ஒரு கார்பன் குறைவு, அவ்வளவே. சிறியது என்பதால் ஐசோலியூசினுக்கான நொதியின் குழியில் வாலினும் நுழைந்துவிடும். அதற்காகவே அந்த நொதியில் இன்னும் சிறிய இரண்டாவது குழி இருக்கிறது. ஐசோலியூசின் அதில் நுழையாது; நுழையும் வாலின் வெட்டி எறியப்படும். எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இது.

சிலருக்கு உடலின் எதிர்ப்பு சக்தி இந்த நொதிகளையே அந்நியமாகப் பார்த்து ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்குகிறது. அதிகம் காண்பது ஜோ-1 என்ற ஆன்டிபாடி. ஹிஸ்டிடின் என்ற பூவை எடுத்துக் கொடுக்கும் நொதிக்கு எதிரானது. இதனால் புரதம் செய்வது நின்றுபோகாது. தொல்லை அழற்சியாக வரும்: தசையில், மூட்டில், எல்லாவற்றுக்கும் மேலாக நுரையீரலில். சிலருக்கு மால் ஏர்கோனில் விரல் வெளுத்துப்போகும், காய்ச்சலும் வரலாம்.

ஒரு விஷயம் கவனியுங்கள். மூட்டுவலி என்றதும் எடுக்கும் ஏ.என்.ஏ. சோதனை முக்கியமாக உயிரணுவின் கருவுக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்ப்பது. இந்த நொதிகள் வேலை செய்வது கருவுக்கு வெளியே. அதனால் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் இந்த நோய் இல்லை என்றாகாது. மயோசைட்டிஸ் (தசை அழற்சி) ஆன்டிபாடி சோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும். தசை நொதி சி.கே., நெஞ்சு சி.டி. ஸ்கேன் இரண்டும் கூடவே. தசை நன்றாக இருந்தும் நுரையீரல் மட்டும் கெடுவதுண்டு; அங்கே தழும்பு விழுந்தால் அழியாது.

விரல் வெடிப்புக்குக் களிம்பு, இருமலுக்கு மருந்து என்று தனித்தனிக் கிளினிக் ஏறாமல், எல்லாவற்றையும் ஒரே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் தருவோம். அப்புறம், இருமல் குறைந்ததும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.