பழைய கடைவளாகங்களைக் கட்டிப்போடும் பார்க்கிங் கணக்கு

அமெரிக்கப் புறநகர்களின் அகன்ற சாலைகளில் ஒரே மாதிரியான காட்சியைத் திரும்பத் திரும்பக் காணலாம்: ஒற்றைத் தளத்தில் வரிசையாகக் கடைகள், அவற்றின் முன்னே பெரும்பகுதி காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்துமிடம், ஆங்காங்கே 'வாடகைக்கு' என்ற பலகை. இணைய வணிகம்தான் இவற்றை அழித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். கடை மூடப்பட்டதற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் மூடிய கடை வேறொன்றாக மாறாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பதற்கு அந்நகரின் நிலப்பயன்பாட்டு விதிகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

நிலத்தை வீடு, கடை, தொழிற்சாலை எனப் பிரித்து ஒழுங்குபடுத்த உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு கிளீவ்லாந்தின் புறநகரான யூக்ளிட் தொடர்பானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேகமாக வளர்ந்த புறநகர்கள் இந்த அதிகாரத்தை முழுவீச்சில் பயன்படுத்தின. பல நகரங்களில் வணிக மண்டலத்தில் வீடு கட்ட அனுமதி இல்லாமல் போயிற்று. கட்டடம் சாலையிலிருந்து எத்தனை அடி தள்ளியிருக்க வேண்டும், எத்தனை கார்களுக்கு இடம் விட வேண்டும் என்பதும் விதியாயின.

இவற்றுள் பார்க்கிங் விதியின் பிடியே மிக இறுக்கமானது. 2,000 சதுர அடிச் செருப்புக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடிக்கு 4 கார்கள் என்பது பல நகரங்களில் காணப்பட்ட அளவு. அதன்படி 8 கார்களுக்கு இடம் வேண்டும். கார் வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 325 சதுர அடி ஆகும். ஆக, கடையைவிடப் பெரிதாக 2,600 சதுர அடி நிலம் காருக்கே போய்விடுகிறது. கடை மூடிய பிறகு அங்கே ஓர் உணவகம் தொடங்க ஒருவர் முன்வருகிறார். உணவகத்துக்கு ஆயிரம் சதுர அடிக்கு 10 கார்கள் என்று விதி இருந்தால் 20 கார்களுக்கு, அதாவது 6,500 சதுர அடிக்கு, இடம் காட்ட வேண்டும். கட்டடம் அதேதான், சுவர்களும் அவையேதான். பயன்பாடு மாறியதால் கணக்கும் மாறிவிட்டது. வளாகத்தில் உபரி இடம் இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கண்ணெதிரே தார்த்தளம் காலியாகக் கிடந்தாலும், ஏட்டளவில் அது மூடிய கடைகளுக்கு உரியதாகவே எண்ணப்படும்.

வணிக மண்டலத்தில் வீடு கூடாது என்ற விதியைத் தளர்த்த நகராட்சிகள் தயங்குவதற்கு வரிவருவாயும் ஒரு காரணம். கலிஃபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு சொத்துவரிக்கு உச்சவரம்பு விதித்த பிறகு, விற்பனை வரியில் பங்கு தரும் கடைகளே நகரங்களுக்கு இலாபமாகத் தோன்றின. வீடுகளோ பள்ளி, தண்ணீர், காவல் என்று செலவைக் கொண்டுவருபவையாகத் தோன்றின. அதனால் வாடகைக்கு ஆள் வராத நிலத்தைக்கூட, என்றாவது ஒரு பெரிய கடை வரும் என்ற நம்பிக்கையில் வணிக மண்டலமாகவே வைத்திருந்தார்கள். இது எனக்குக் கானல்நீரை நம்பிய கணக்காகவே படுகிறது.

கொலராடோ மாநிலத்தில் டென்வரை ஒட்டிய லேக்வுட் நகரம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 1966இல் திறக்கப்பட்ட வில்லா இத்தாலியா மால் 2001இல் மூடப்பட்டதும், அந்த 104 ஏக்கரை மற்றொரு மாலாக்காமல், இருபதுக்கும் மேற்பட்ட சிறு தெருக்கட்டங்களாகப் பிரித்தார்கள். பெல்மார் என்ற பெயரில் 2004இல் அதன் முதற்கட்டம் திறக்கப்பட்டது. கடை, அலுவலகம், வீடு ஆகியவை அடுத்தடுத்து அமைந்தன. பகலில் அலுவலகத்துக்கு வருவோரின் கார்களுக்கான இடமே மாலையில் திரையரங்குக்கு வருவோருக்கும் பயன்படும் என்பதால், பயன்பாடுகள் கலக்கும்போது மொத்தப் பார்க்கிங் தேவை குறைகிறது. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியே கணக்குப் போடும் பழைய விதிக்கு இது புலப்படுவதில்லை.

ஆனால் பெல்மாரைப் போல ஒரே பெரிய நிலப்பரப்பு எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. பெரும்பாலான பழைய வணிகச் சாலைகள் பல உரிமையாளர்களிடம் துண்டுதுண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. அத்தகைய இடங்களுக்காகவே கலிஃபோர்னியா 2022இல் ஒரு சட்டம் இயற்றியது. 2023 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அகலமான வணிகச் சாலைகளை ஒட்டிய நிலத்தில், ஒரு பகுதி வீடுகளைக் குறைந்த வருமானத்தினருக்கு ஒதுக்குவது போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால், நகர்மன்றத்தின் விருப்பத்துக்குக் காத்திராமல் குடியிருப்புக் கட்ட அது வழிசெய்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மங்கிய வளாகங்களில் வாடகை குறைவு என்பதால், புதிதாகக் குடியேறியவர்களின் மளிகைக் கடைகளும் முடிதிருத்தகங்களும் பெரும்பாலும் அங்கேதான் இடம் பிடித்தன. கட்டடம் இடிபடும்போது முதலில் வெளியேற வேண்டியவர்கள் அவர்களே. அதனால் அங்கே இயங்கிவரும் தகுதியுள்ள சிறு கடைகளுக்கு இடமாற்ற உதவித்தொகை தர வேண்டும் என்ற பிரிவும் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.