புகையானுக்கு அஞ்சிக் கடைமடைக்குப் பாயும் நீர்

தலைமடைக்காரர் தாமாகவே நீரை விட்டுக்கொடுக்கும் பாசன முறை உலகில் எங்கேனும் உண்டா என்று காவிரிக் கடைமடை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உண்டு, இந்தோனேசியாவின் பாலித் தீவில் 'சுபக்' எனப்படும் பாசனச் சங்கங்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அப்படித்தான் இயங்குகின்றன. வாய்க்கால் பிரியுமிடத்தில் கிடத்திய மரக்கட்டையில், பங்குக்கேற்ற அகலத்தில் வெட்டிய பள்ளங்கள் வழியே நீர் பிரிகிறது. நடவு நாளை, பாசன நீருக்கென அமைந்த நீர்க்கோயில்களில் சங்கத்தார் கூடி முடிவெடுக்கிறார்கள்.

தலைமடை இதற்கு இணங்கக் காரணம், புகையான். நெற்பயிரை நம்பியே வாழும் இப்பூச்சி தூரின் அடியில் கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்த பிறகே பலருக்குத் தெரியவரும். ஒரு வயல் அறுவடையானால், இறக்கை நீண்டவை பச்சையாக நிற்கும் வேறு வயலுக்குப் பறந்துவிடும். ஆகவே பெரும்பரப்பு ஒரே சமயத்தில் தரிசாகக் கிடந்தால் அதற்குப் போக்கிடமில்லை. ஆனால் எல்லோரும் ஒன்றாக நட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நீர் வேண்டும். தட்டுப்பாடு கடைமடையைத்தான் தாக்கும். நீர் கிடைக்காத கடைமடைக்காரர் தமக்கு வசதிப்பட்ட நாளில் நட்டுக்கொண்டால், அங்கே பெருகும் பூச்சி தலைமடைக்கு ஏறிவரும். தலைமடையின் கையில் நீர் இருக்கிறது. கடைமடையின் கையில் பூச்சி இருக்கிறது. இந்தப் பேரம்தான் இருவரையும் ஒரே நாட்காட்டிக்குள் கட்டிப்போடுகிறது.

எத்தனை சுபக்குகள் சேர்ந்து நட வேண்டும் என்பதே நுட்பமான கேள்வி. சிறு குழுவானால் பூச்சி தப்பிக்கும், பெருங்குழுவானால் நீர் போதாது. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் இரண்டு ஆறுகளையொட்டிய 172 சுபக்குகளைக் கணினியில் மாதிரியாக்கி, 1993இல் முடிவை வெளியிட்டனர். நீர்க்கோயில்கள் வகுத்திருந்த குழுக்களின் அளவை ஒட்டியே விளைச்சலும் உச்சம் தொட்டது.

1970களில் பசுமைப் புரட்சி அதிகாரிகள் கோயில் நாட்காட்டியை ஒதுக்கி, நிலத்தைத் தரிசு விடாமல் போகத்துக்குப் போகம் தொடர்ந்து நடச் சொன்னார்கள். சில ஆண்டுகளிலேயே புகையானும், நெல்லைத் தாக்கும் துங்ரோ என்ற நச்சுயிரி நோயும் பெருகின. நீரைத் தருவது ஏரித் தெய்வமான தேவி தனு என்ற பாலி மக்களின் நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. ஆனால் சடங்கை மூடநம்பிக்கை என்று தள்ளுமுன் அது செய்யும் வேலையை அளந்து பார்ப்பதே அறிவியல். அத்தகைய கள ஆய்வுக்கு ஆகும் செலவு, அணைத் திட்டமொன்றின் மதிப்பீட்டில் ஒரு துளிகூட இராது.

2012இல் யுனெஸ்கோ சுபக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று அந்த நீருக்குச் சுற்றுலா விடுதிகளும் போட்டியிடுகின்றன. புகையானுக்கு அஞ்சவேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை.