வெறும் குரலை அனுப்பும் முன்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பாடுகிற பலர் என் ஸ்டூடியோவுக்கு வந்துபோகிறவர்கள். முளைப்பாரிப் பாட்டு, ஏர்வாடி சந்தனக்கூடுக்கு ஒரு பாட்டு, மாதா கோயில் கொடியேற்றத்துக்கு ஒன்று, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் ஒன்று. இப்போது அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணே, ஒருத்தர் வாட்ஸ்அப்புல குரல் சாம்பிள் கேக்குறாரு. மியூசிக் இல்லாம வெறும் குரலா வேணுமாம். காசும் தர்றேங்கிறாரு. அனுப்பட்டுமா?"

வெறும் குரல் என்று யாராவது கேட்டாலே உஷாராகிவிடுங்கள். பாட்டு போடுகிறவருக்கு மெட்டும் தாளமும் வேண்டும். குரலை மட்டும் தனியாகக் கேட்பவர், பெரும்பாலும் அதை ஏஐக்குப் பழக்கத்தான் கேட்கிறார்.

சிடி தரத்தில் ஒரு வினாடி ஒலி என்பது ஒரு சேனலுக்கு மட்டுமே 44,100 எண்கள். அதை அப்படியே விழுங்குவது இயந்திரத்துக்கும் கஷ்டம். அதனால் ஒலியைச் சின்னச் சின்னக் குறியீடுகளாகச் சுருக்கி, எதற்குப் பின் எது வரும் என்று கற்கவைக்கிறார்கள். மெட்டா நிறுவனம் 2023இல் வெளியிட்ட மியூசிக்ஜென், 20,000 மணி நேர இசையில் இப்படிப் பழகியது. ஆனால் ஒருவர் குரலை நகலெடுக்க அவ்வளவெல்லாம் தேவையில்லை. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் காட்டிய வால்-ஈ, 3 வினாடிப் பேச்சைக் கேட்டே அந்தக் குரலில் பேசியது. பாடும் குரலுக்குச் சில நிமிடச் சுத்தமான பதிவு இருந்தால் போதும்.

நானும் இந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறவன்தான். பழைய கேசட்டில் மேளத்துக்கு அடியில் புதைந்துகிடக்கும் குரலைப் பிரித்தெடுப்பதில் இவை கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டை ஒருமுறை உள்ளே கொடுத்தேன். முன்பாட்டுக்காரர் குரல் பளிச்சென்று வந்தது. ஆனால் வலையை இழுக்கும்போது எல்லாரும் சேர்ந்து விடும் மூச்சை இரைச்சல் என்று துடைத்துவிட்டது. மீன் சேரும் வலைப்பையான மடி கரையை நெருங்க நெருங்கக் கனம் கூடும், பாட்டும் மெதுவாகும். அதைப் பிழை என்று நினைத்து ஒரே வேகத்துக்கு நிமிர்த்தியது. குரலின் இழைவைக் கீபோர்டு கட்டைகளுக்குள் தள்ளியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது, வலையைத்தான் காணோம்.

சரி, குரல் கேட்கிறவர்கள் கையெழுத்துக்கு நீட்டும் ஒப்பந்தக் காகிதத்துக்கு வருவோம். "இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும், உலகம் முழுவதும், காலவரையின்றி" என்று ஒரு வரி இருக்கும். அதில்தான் விஷயம். அது இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தப் பதிவை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்துவீர்களா, என் குரலில் நான் பாடாத பாட்டு வருமா, வந்தால் எனக்கு என்ன பங்கு, எனக்குப் பிறகு யாரிடம் கேட்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஏஐ ஒருமுறை கற்றுவிட்ட பிறகு, அதிலிருந்து உங்கள் குரலை மட்டும் உருவி எடுப்பது லேசான காரியம் இல்லை.

முறையாகச் செய்ய முடியாது என்றும் இல்லை. 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரகுமான் சொன்னார். அதே ஆண்டு, இந்திப் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி ஏஐயில் நகலெடுக்க மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நம் பதிப்புரிமைச் சட்டம் பாடுகிறவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. ஆனால் குரல் நகலுக்கென்று தனிப் பிரிவு அதில் இல்லை. அதனால் ஒப்பந்தத்தில் எழுதியதுதான் கைகொடுக்கும். அசல் பதிவைத் தேதியோடு உங்களிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குரலைக் காட்டி யாராவது பணம் பறித்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

அம்பாப் பாட்டுக்கு இன்னொரு சிக்கல். அது தனி ஒருவர் சொத்து இல்லை. பதிவு செய்ய வருகிறவர்கள் முன்பாட்டுக்காரர் ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்ப்பார்கள். கிராமத் தலைவரையும் வலைக்காரர்களையும் உட்காரவைத்து, எல்லார் முன்னாலும் அந்தக் காகிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.