அம்மா முதலில் சிரிக்கட்டும்

"சிஸ்டர், அம்மாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். சாதாரணக் கட்டி என்று சொல்லித்தான் அழைத்து வந்திருக்கிறோம்."

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோதெரபி பிரிவில் செவிலியராக 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இதைக் கேட்காமல் ஒரு வாரம் கடந்ததில்லை. பெரும்பாலும் மூத்த மகன்தான் சொல்வார். அறைக்கு வெளியே என்னை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, கண் கலங்கச் சொல்வார். அந்தப் பாசத்தை நான் குறைத்து மதிப்பதில்லை.

ஒருமுறை அப்படிச் சொன்ன மகன், மருந்து வாங்கக் கீழே இறங்கிப் போனார். அந்த அம்மா ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர். என் கையைப் பிடித்து அருகில் இழுத்து, "வாசலில் 'புற்றுநோய் சிகிச்சைப் பிரிவு' என்று ஒரு முழ உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறீர்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அ, ஆ சொல்லிக் கொடுத்தவள் நான். எனக்குப் படிக்கத் தெரியாது என்று என் மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான். பாவம், எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடிந்ததும் அவர் அழுதார். சதைப் பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து, அழ ஆள் இல்லாமல் அந்த வீட்டில் அவர் தனியாக இருந்திருக்கிறார்.

(இங்கே நான் சொல்லும் அம்மாக்களின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.)

"அம்மாவை எப்படிச் சிரிக்க வைப்பது, எப்படித் தைரியம் கொடுப்பது?" என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் பேசுவது உண்மையைப் பற்றித்தான். ஒளிக்க ஒன்று இருக்கும் வீட்டில் யாராலும் மனம்விட்டுச் சிரிக்க முடியாது. ஒவ்வொரு சொல்லையும் நாக்கு நுனியில் நிறுத்திப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அம்மாவிடமே கேளுங்கள். "விவரமெல்லாம் எனக்கு வேண்டாம், என் மகளிடம் சொல்லுங்கள்" என்று சில அம்மாக்கள் சொல்வார்கள். அதுவும் சரியான பதில்தான். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர். நோயின் பெயரைச் சொல்லும் பொறுப்பை மருத்துவரிடம் விடுங்கள். அப்போது நீங்கள் அம்மாவின் பக்கத்தில் இருங்கள், அது போதும்.

சிரிப்புக்கு வருகிறேன். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் டாக்சோரூபிசின் என்று ஒன்று உண்டு. நல்ல சிவப்பு நிறம். ஏற்றிய பிறகு ஓரிரு நாள்களுக்குச் சிறுநீரும் சிவந்து போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்துவிடுவார்கள். இதை விளக்கியபோது ஓர் அம்மா, "இத்தனை விலை கொடுத்து ரோஸ்மில்க்கா ஏற்றுகிறீர்கள்?" என்றார். அந்த அறையே சிரித்தது. முதல் ஊசிக்காக நடுங்கிக்கொண்டிருந்த பக்கத்துப் படுக்கைக்காரரும் சிரித்தார்.

அதே அம்மாவுக்கு இரண்டாவது சுற்றுக்கு முன்பே முடி கொட்டத் தொடங்கியது. இந்த மருந்தில் அது வழக்கம்தான். இரண்டு மூன்று வாரத்தில் தலையணையெல்லாம் முடியாகிவிடும். சிகிச்சை முடிந்தபின் திரும்ப வளரும். அவர் மகளிடம் மழிக்கச் சொல்லிவிட்டு மொட்டைத் தலையோடு வந்து, "பழனிக்கு நேர்ந்துகொண்டு முப்பது வருஷமாகத் தள்ளிப்போட்டேன். முருகன் வட்டியோடு வாங்கிக்கொண்டான்" என்றார். மகளும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த முறை அவர் முகம் வாடியிருந்தது. பார்க்க வந்த ஓர் உறவினர் அதையே வேறு விதமாகச் சொல்லியிருந்தார்: "வேண்டுதலை நிறைவேற்றாமல் விட்டதால்தான் இப்படி வந்திருக்கும்." அதே பழனி, அதே மொட்டை. அம்மா சொன்னபோது சிரிப்பாக இருந்தது, இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது குற்றச்சாட்டாகிவிட்டது. யாருடைய வேண்டுதல் பாக்கியும் புற்றுநோயை உண்டாக்குவதில்லை என்று அன்று அவரிடம் அரைமணி நேரம் பேச வேண்டியிருந்தது.

அதனால் நான் பிள்ளைகளிடம் சொல்வது இதுதான். நோயைப் பற்றிய வேடிக்கையை அம்மா தொடங்கட்டும். அவர் எந்த இடத்தில் சிரிக்கிறாரோ அந்த இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். அவர் தொடாத இடத்தை நீங்களும் தொடாதீர்கள். முடியைப் பற்றிச் சிரிப்பவர், எடுத்துவிட்ட மார்பைப் பற்றி ஒரு சொல்கூடத் தாங்காதவராக இருக்கலாம்.

அவர் தொடங்க ஏற்ற நேரங்களும் உண்டு. கீமோவோடு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்போம். வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்க அது உதவும். ஆனால் ஓரிரு இரவுகளுக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். (சர்க்கரை நோய் இருந்தால் அந்த நாள்களில் சர்க்கரை ஏறும், அளந்து பாருங்கள்.) இரவு இரண்டு மணிக்கு அம்மா விழித்துக்கொண்டிருப்பார். "படுங்கள், தூங்குங்கள்" என்று விரட்டாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். தன் கல்யாணத்தில் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோன கதை, மாமியார் ஒளித்து வைத்த பலகாரத்தைத் தேடி எடுத்த கதை எல்லாம் அந்த இரவுகளில்தான் வெளியே வரும். அம்மாவுக்கு இப்படி ஒரு வாய் உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது என்று பல மகள்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் வேடிக்கைக்கு இடமே கிடையாது. காய்ச்சல். மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது 100.4 டிகிரி பாரன்ஹீட் தொட்டாலே அவசரம்தான். "ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம், விடியட்டும்" என்று இருந்துவிடாதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். வீட்டில் வெப்பமானி இருக்கட்டும். சளி, இருமலோடு பார்க்க வருபவர்களை வாசலிலேயே அன்பாகத் திருப்பி அனுப்புங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சிரித்தே ஆக வேண்டும் என்று அம்மாவைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. "தைரியமாக இருங்கள் அம்மா, நீங்கள் அழுதால் நாங்கள் உடைந்துவிடுவோம்" என்று பிள்ளைகள் சொல்லும்போது என் மனம் பதறும். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பிள்ளைகள் முன்னால் சிரித்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிற அம்மாக்களை நான் அறிவேன். பிடித்த தொடரைக்கூடப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், இரண்டு வாரமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, "உங்களுக்கெல்லாம் நான் பாரம்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால் எங்களிடம் சொல்லுங்கள். மனநல மருத்துவரின் உதவியும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

"பாரம்" என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் பணம் இருக்கும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அந்தக் காப்பீட்டு அட்டையை அம்மாவின் கையில் கொடுத்துக் காட்டுங்கள். பத்து முறை ஆறுதல் சொல்வதைவிட அது அவரை நிம்மதியாகத் தூங்க வைக்கும்.

நம்பிக்கை என்றால் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆரம்ப நிலையில் கண்டுபிடித்த மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகக்கூடியது, அங்கே அந்தச் சொல்லைத் துணிந்து சொல்லலாம். நோய் பரவிவிட்ட பிறகு அதையே சொன்னால் அம்மாவுக்கு நம் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். அங்கே நம்பிக்கைக்கு ஒரு தேதி வேண்டும்.

எலும்பு வரை நோய் பரவிய ஓர் அம்மா, எத்தனை நாள் இருப்பேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "பேத்திக்கு ஆவணியில் காதுகுத்து. அன்றைக்கு நான் எழுந்து நடமாட வேண்டும், ஏதாவது செய்யுங்கள்" என்றார். மருத்துவர் நாள்காட்டியைப் பார்த்து அடுத்த சுற்றை நான்கு நாள் தள்ளி வைத்தார், வலி மருந்தின் அளவை மாற்றினார். மகன் மண்டபத்தில் ஒரு சாய்வு நாற்காலியும், கழிப்பறைக்குப் பக்கத்தில் ஓர் அறையும் ஏற்பாடு செய்தார். இரண்டு மாதம் அந்த வீட்டில் பேச்சு முழுவதும் காதுகுத்தைப் பற்றித்தான். பட்டுப்பாவாடையின் நிறம், சீர்த்தட்டுகளின் எண்ணிக்கை, மாமன் கொண்டுவரும் தோட்டின் எடை.

விழா முடிந்து அடுத்த சுற்றுக்கு வந்தபோது, நான் ஊசிக்கு நரம்பு தேடிக்கொண்டிருக்கையில், அவர் மற்றொரு கையால் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையோடு வீறிட்டு அழுகிற பேத்தி. பக்கத்தில், தலையில் சுற்றிய துணி நழுவியது தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கும் அவர்.

"பாருங்கள் சிஸ்டர், மொட்டை இரண்டு பேருக்கு. காது குத்தியது அவளுக்கு மட்டும்தான்."