இரும்புக்குள் குரல் தங்குவது எப்படி?

1948-இல் ஒருவர் பேசிய பேச்சை அண்மையில் கேட்டதாகவும், கேசட்டே இல்லாத காலத்தில் அதை எப்படிப் பதிந்தார்கள் என்றும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது டாக்டர் பாபின் குரல். குடிநோயிலிருந்து மீள்வோரின் கூட்டமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸை, பில் டபிள்யூ.வோடு சேர்ந்து 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய அறுவை மருத்துவர் அவர். 1948 டிசம்பரில் டெட்ராய்ட்டில் அவர் பேசியதுதான் கடைசிப் பெரிய பேச்சு. 1950 நவம்பரில் காலமானார்.

அன்றைக்கு ஒலியைப் பதிய முக்கியமாக மூன்று வழிகள் இருந்தன: இசைத்தட்டு, எஃகுக் கம்பி, அப்போதுதான் அமெரிக்கச் சந்தைக்கு வந்திருந்த காந்த நாடா. இவற்றில் வீட்டுக்கும் சிறு கூட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது கம்பியில் பதியும் வயர் ரெக்கார்டர். கம்பியின் பருமன் 0.1 மி.மீ.தான். அது விநாடிக்கு 61 செ.மீ. வேகத்தில் ஓடும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு 2 கி.மீ.க்கு மேல் கம்பி வேண்டும்!

மைக் குரலை மின்னோட்டமாக்கும், சுருள் அதைக் காந்தப்புலமாக்கும், அதைக் கடந்து ஓடும் கம்பி காந்தமாகும். இது பள்ளியில் படித்ததுதான். ஆனால் இதை மட்டும் செய்தால் பேச்சு கரகரவென்று சிதைந்து கேட்கும். காரணம், இரும்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதிலுள்ள நுண்ணிய காந்தப் பகுதிகள் சின்னப் புலத்துக்கு அசைந்து கொடுக்காது. அசைந்தாலும், புலம் விலகியதும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். புலம் ஓர் அளவைத் தாண்டினால்தான் புதிய பக்கம் திரும்பி அப்படியே நிற்கும். அதனால் மெல்லிய குரல் பதியாது, உரத்த குரல் மட்டும் பதியும்.

இதற்குக் கிடைத்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. முறத்தில் அரிசியைப் பரப்பி லேசாகச் சாய்த்தால் ஒரு மணிகூட நகராது. சாய்த்தபடியே விரலால் தட்டிக்கொண்டிருந்தால் சாய்வுக்குத் தக்கபடி அரிசி நகரும். அந்தத் தட்டலைத்தான் பொறியாளர்கள் காந்தத்துக்கும் கொடுத்தார்கள். பேச்சோடு சேர்த்து, காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டிய ஓர் அதிர்வையும் அதே சுருளில் செலுத்தினார்கள். இதற்கு ஏ.சி. பயஸ் என்று பெயர். இந்த வலுவான அதிர்வு காந்தப் பகுதிகளை முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டே இருக்கும். கம்பி சுருளை விட்டு விலக விலக, புரட்டல் படிப்படியாக அடங்கும். அடங்கும் அந்தக் கணத்தில் பேச்சின் புலம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருந்ததோ, அதே அளவில் காந்தம் உறைந்துவிடும். கிசுகிசுப்பும் பதியும், இருமலும் பதியும். உதவிய அதிர்வு நம் காதுக்குக் கேட்பதே இல்லை!

1940-இல் ஜெர்மன் வானொலியில் பொறியாளர் வால்டர் வெபர் இதன் பயனைக் கண்டது தற்செயலாகத்தான். மின்னோட்டத்தை வலுவாக்கும் ஆம்ப்ளிஃபையர் ஒன்று கோளாறாகித் தானே அதிர ஆரம்பித்ததும் பதிவு துல்லியமானது. அமெரிக்காவில் மார்வின் காம்ராஸ் இதே உத்தியைத் தனியாகக் கண்டு கம்பிக்குப் பயன்படுத்தினார்.

சரி, கம்பி அறுந்தால்? இரு முனைகளையும் முடிச்சுப் போட்டு, மிச்சத்தை நறுக்கிவிட்டு ஓட்டலாம். 5 செ.மீ. போனாலும் இழப்பது விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆனால் கம்பி முறுக்கிக்கொண்டால் பதிந்த பக்கம், அதைப் படிக்கும் சுருளிலிருந்து விலகிவிடும். உடனே 'ஸ', 'ச' போன்ற ஒலிகள் மங்கும்.

பேச்சுதான் அச்சில் இருக்கிறதே, ஒலியைக் காக்கப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. குடியை விட்ட ஒருவர், விட முடியாமல் தவிக்கும் இன்னொருவரிடம் வாய்விட்டுப் பேசுவதுதான் அந்தக் கூட்டமைப்பின் வழிமுறையே. அச்சில் அவர் சொன்ன சொல் இருக்கும், சொன்ன விதம் இருக்காது. அதிலும் எஃகுக் கம்பி எளிதில் கெடுவதில்லை; அதை ஓட்டும் கருவிகளின் ரப்பர் சக்கரங்கள்தான் இறுகி வெடிக்கின்றன. இன்னும் ஓடுகிற கருவிகள் இருக்கும்போதே ஆவணக் காப்பகங்கள் டிஜிட்டலாக்கத்துக்கு நிதி ஒதுக்கிவிட வேண்டும்.