ரூட் மிஸ்ஸிங்: வராத வழி, தேறாத வழி, நிலைக்காத வழி

வலையமைப்புகளைப் பராமரிப்பவர்கள் அன்றாடம் புழங்கும் தொடர் ‘ரூட் மிஸ்ஸிங்’. ஒரு நெட்வொர்க்குக்குப் பாக்கெட் (தரவின் சிறு பொதி) போகவில்லை. திசைவியின் (ரௌட்டரின்) அட்டவணையைத் திறந்தால் அந்த நெட்வொர்க்குக்கான வரியே இல்லை. இவ்வளவைத்தான் அந்தத் தொடர் சொல்கிறது. வரி ஏன் இல்லை என்பதற்குக் குறைந்தது மூன்று வகைக் காரணங்கள் உண்டு. மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதால் தேடல் தவறான இடத்தில் தொடங்கிவிடுகிறது.

‘ரூட்’ என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலம் லத்தீனின் ‘வியா ருப்தா’: உடைத்துத் திறந்த பாதை. ‘ரும்பெரே’ என்றால் உடைத்தல். முறிவைக் குறிக்கும் ‘ரப்சர்’ அதே வேரில் பிறந்தது. போன தடத்திலேயே போவதைக் குறிக்கும் ‘ரொட்டீன்’ என்ற சொல்லும் ‘ரூட்’டிலிருந்து கிளைத்ததுதான்.

வலையமைப்பில் ரூட் என்பது தொடக்கம் முதல் முடிவு வரையிலான முழுப் பாதை அல்ல. அது அட்டவணையின் ஒரு வரி. சேரவேண்டிய நெட்வொர்க்கின் முன்னொட்டும் (முகவரியின் தொடக்கப் பகுதி) அதன் நீளமும் (10.20.30.0/24 என்பது போல), அடுத்த திசைவியின் முகவரி, வெளியேறும் இடைமுகம், செய்தியைக் கொடுத்த நெறிமுறை, செலவுமதிப்பு ஆகியவை அதில் இருக்கும். அதற்கப்பால் என்ன நடக்கிறது என்பது அடுத்த திசைவியின் பொறுப்பு. இந்த வகையில் ரௌட்டருக்குத் ‘திசைவி’ என்று பெயர் அமைந்தது நன்று. அது திசையை மட்டுமே காட்டுகிறது.

ரூட்டுக்குத் தமிழில் எதை வைப்பது? ‘நெறி’ பழஞ்சொல்தான், ஆனால் புரோட்டோகாலுக்கு ‘நெறிமுறை’ நிலைபெற்றுவிட்டதால் இங்கே குழப்பும். வழியைக் குறிக்கும் ‘ஆறு’ இன்று நதியாகவும் எண்ணாகவும் மட்டுமே ஒலிக்கிறது. பரிசு பெற்று வருபவன் எதிரே வருபவனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வது ஆற்றுப்படை; அண்டைத் திசைவி தான் அறிந்த வழியைச் சொல்லித்தரும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் ‘ஆற்றுப்படுத்தல்’ உளவளத் துறையின் சொல்லாகிவிட்டது. ‘பாதை’யை முழுத் தடத்துக்கென விட்டுவைப்பது நல்லது, பிஜிபியில் (தனித்தனி நிர்வாகங்களின் வலையமைப்புகள் வழிகளைப் பகிரும் நெறிமுறை) ஒரே முன்னொட்டுக்குப் பல பாதைகள் இருக்கும், வழக்கமாக அவற்றில் ஒன்றே அட்டவணையில் வழியாக இடம்பெறும். எனவே ரூட் என்பதற்கு ‘வழி’, ரூட்டிங் டேபிளுக்கு ‘வழியட்டவணை’, திசைவிகள் தங்களுக்குள் பேசி வழிகளைக் கற்கும் டைனமிக் ரூட்டிங்குக்கு ‘இயங்குநிலை வழிப்படுத்தல்’. காணாமல்போகும் வழிகளுக்கு இங்கே மூன்று பெயர்கள் வைக்கிறோம்.

வராத வழி

செய்தியே வந்து சேரவில்லை. முதலில் பார்க்கவேண்டியது அண்டைத் திசைவியோடு உள்ள உறவு. ஒரு நிர்வாகத்துக்குள் வழிகளைப் பகிரும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப் (ஆர்எஃப்சி என்னும் இணைய வரையறை ஆவணங்களில் எண் 2328, 1998) ஐபி நெறிமுறை எண் 89-இல் ஓடுகிறது; அண்டைகளைக் கண்டறியும் ஹலோ பாக்கெட்டுகள் 224.0.0.5-க்குப் போகின்றன. இடையில் உள்ள ஃபயர்வால் 89-ஐ அனுமதிக்காவிட்டால் பிங் போகும், உறவு எழாது. ஹலோ வந்தாலும் ஏரியா (ஓஎஸ்பிஎஃப் வலையமைப்பின் உட்பிரிவு) எண், ஹலோ–டெட் நேரங்கள் (ஹலோ அனுப்பும் இடைவெளியும், ஹலோ வராவிட்டால் அண்டை இறந்ததாகக் கொள்ளும் நேரமும்), ஸ்டப் குறி (வெளிவழிகளை ஏற்காத ஏரியாவின் அடையாளம்), சான்றுறுதி ஆகியவை இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். பிராட்காஸ்ட் இணைப்பில் (ஒருவர் அனுப்புவது எல்லாரையும் எட்டும் இணைப்பு) சப்நெட் மாஸ்க்கும் (முன்னொட்டின் நீளத்தைக் காட்டுவது) ஒத்திருக்க வேண்டும். வழக்கமான நேரங்கள் 10, 40 வினாடிகள். பலரை இணைத்தாலும் பிராட்காஸ்ட் இல்லாத என்பிஎம்ஏ இணைப்பில் 30, 120. இடைமுகத்தைப் பாசிவ் ஆக்கிவிட்டு மறந்துபோவதும் உண்டு; அதன் நெட்வொர்க் அறிவிக்கப்படும், ஆனால் அதன் மேல் அண்டை எதுவும் அமையாது.

உறவு எழும் படிகளில் எக்ஸ்ஸ்டார்ட்டிலோ எக்ஸ்சேஞ்சிலோ மாட்டிக்கொண்டு நின்றால் முதல் சந்தேகம் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) மீது விழ வேண்டும். ஒருபுறம் 1500, மறுபுறம் 9000 என்றால் சிறிய பக்கம் மற்றதன் தரவுத்தள விவரப் பாக்கெட்டை ஏற்காது. எம்டியூவைப் புறக்கணிக்கச் சொல்லும் கட்டளை உறவை எழுப்பிவிடும், ஆனால் பெரிய பாக்கெட்டுகள் பின்னால் எங்கோ விழும். அது மருந்தல்ல, வலிநீக்கி. லினக்ஸிலிருந்து துண்டாக்கத் தடை போட்டு 1472 பைட் பிங் அனுப்புங்கள். ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்தால் 1500. அது போகாவிட்டால் இணைப்பு 1500-ஐயே தாங்கவில்லை; போனாலும் இருபுற எம்டியூவைச் சமன் செய்யுங்கள். உறவு டூவே நிலையில் (இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொண்ட படி) நிற்பதைக் கண்டு மட்டும் பதற வேண்டாம்: பிராட்காஸ்ட் இணைப்பில் டிஆர் (எல்லாருக்கும் பொதுவாகத் தேர்ந்த தலைமைத் திசைவி), பிடிஆர் (அதன் மாற்று) அல்லாத இரு திசைவிகள் அப்படித்தான் நிற்கும். எல்லாருக்கும் முன்னுரிமை 0 வைத்திருந்தால்தான் கோளாறு. அப்போது டிஆரே இராது.

ரிப் என்னும் பழைய நெறிமுறை (ஆர்எஃப்சி 1058, 1988) வேறு மாதிரி. 15 தாவல்தான் (திசைவிக்குத் திசைவி ஒரு தாவல்) எல்லை, 16 என்றால் எட்டாதது. 15 திசைவிகளுக்கு அப்பால் நெட்வொர்க் வளர்ந்தால் கடைசி முனை சத்தமில்லாமல் மறைகிறது. முதல் பதிப்பு மாஸ்க்கை அனுப்புவதே இல்லை என்பதால் துண்டான சப்நெட்டுகளும் காணாமல்போகும்.

பிஜிபியில் அறிவிப்புக் கட்டளை கொடுத்த பின்பும் வழி வெளியே போகவில்லை என்றால், அதே முன்னொட்டு அதே நீளத்தில் சொந்த வழியட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். 10.20.0.0/16 என்று கட்டளை, அட்டவணையில் /24 மட்டும் என்றால் எதுவும் போகாது. ஐபிஜிபியில் (ஒரே நிர்வாகத்துக்குள் நடக்கும் பிஜிபி) கேட்டதை இன்னொரு ஐபிஜிபி அண்டைக்குச் சொல்லக்கூடாது என்பது விதி; எல்லாரும் எல்லாரோடும் உறவு கொள்ளும் முழு வலைப்பின்னலோ, கேட்டதை மற்றவர்க்குத் திருப்பிச் சொல்லும் ரூட் ரிஃப்ளெக்டரோ இல்லாவிட்டால் இரண்டாம் தாவலில் செய்தி நின்றுவிடும். ஆர்எஃப்சி 8212 (2017) எதை ஏற்பது, எதை அனுப்புவது என்ற கொள்கை எதுவும் எழுதாத ஈபிஜிபி (வெளி நிர்வாகத்தோடு நடக்கும் பிஜிபி) அண்டையிடம் வழிகளை ஏற்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது என்கிறது. அதைப் பின்பற்றும் மென்பொருளில் உறவு எஸ்டாப்ளிஷ்டு என்று காட்டும், வழி எண்ணிக்கை மட்டும் ஏறாது.

தேறாத வழி

அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். செய்தி வந்துவிட்டது, தரவுத்தளத்தில் இருக்கிறது, அட்டவணைக்குத் தேறவில்லை. ஆகவே வழியட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு ‘வரவில்லை’ என்று சொல்லாதீர்கள். நெறிமுறையின் சொந்தத் தரவுத்தளத்தையும் பாருங்கள்.

ஓஎஸ்பிஎஃபில் இதன் சுத்தமான எடுத்துக்காட்டு, ஒரே இணைப்பின் ஒரு முனை பிராட்காஸ்ட் வகையாகவும் மறுமுனை பாயிண்ட்-டு-பாயிண்ட் வகையாகவும் இருப்பது. இரண்டுக்கும் வழக்கமான நேரங்கள் 10, 40 என்பதால் ஹலோ ஒத்துப்போகிறது; உறவு ஃபுல் என்னும் இறுதிப் படி வரை ஏறுகிறது; எல்எஸ்ஏக்கள் (ஒவ்வொரு திசைவியும் தன் இணைப்புகளை விவரிக்கும் அறிவிப்புகள்) எல்லாம் வருகின்றன. ஆனால் ஒருவர் இணைப்பை டிஆர் வழியான நெட்வொர்க்காகவும் மற்றவர் நேரடிக் கோடாகவும் விவரிக்கிறார்கள். வரைபடத்தில் இரு முனைகளும் இணையவில்லை. குறும்பாதைக் கணக்கீடு அந்தக் கிளையை விட்டுவிடுகிறது. சிஸ்கோ நிறுவனத் திசைவியில் தரவுத்தளத்தைக் கேட்டால் அந்த எல்எஸ்ஏவின் கீழ் ‘அட்வ் ரௌட்டர் இஸ் நாட்-ரீச்சபிள்’ (அறிவித்த திசைவி எட்டவில்லை) என்று வரும். அதைக் கண்டால் இடைமுக வகையை இருபுறமும் ஒப்பிடுங்கள்.

பிஜிபியில் இதற்கு நிகரானது எட்டாத அடுத்த தாவல். ஈபிஜிபியில் வந்த வழியை ஐபிஜிபிக்குத் தரும்போது அடுத்த தாவல் முகவரி மாறுவதில்லை. அந்த வெளி இணைப்பின் முகவரி உள்நெறிமுறையில் (ஓஎஸ்பிஎஃப் போன்றது) இல்லையென்றால் பாதை வரும், ஆனால் செல்லாததாகக் கிடக்கும். எல்லைத் திசைவியில் நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப் (தன்னையே அடுத்த தாவலாக அறிவிக்கும் கட்டளை) போடுவது எளிய தீர்வு.

இன்னொன்று நம்பக மதிப்பு: எந்த நெறிமுறையை எவ்வளவு நம்புவது என்னும் எண். ஒரே முன்னொட்டைப் பல நெறிமுறைகள் கொடுத்தால் சிஸ்கோ எண் குறைந்ததை எடுக்கும்: நேரடி இணைப்பு 0, கையால் எழுதியது 1, ஈபிஜிபி 20, சிஸ்கோ உருவாக்கிய ஈஐஜிஆர்பி 90, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120, ஐபிஜிபி 200. எனவே ‘ஓஎஸ்பிஎஃப் வழி போய்விட்டது’ என்பது பல சமயம் ஈபிஜிபி அதை முந்தியது என்பதுதான். தொடர்விளைவும் உண்டு: மறுபகிர்வு (ஒரு நெறிமுறையில் கற்ற வழியை இன்னொன்றுக்குத் தருவது) வழியட்டவணையிலிருந்தே எடுக்கிறது. தேறாத வழி மறுபகிரப்படாது. பழுது வேறொரு தளத்தில் வெளிப்படும். சிஸ்கோ திசைவிகளின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ்ஸின் பழைய பதிப்புகளில் ஓஎஸ்பிஎஃபுக்கு மறுபகிரும்போது ‘சப்நெட்ஸ்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் சப்நெட்டுகள் எல்லாம் கழிக்கப்படும்.

ஓஎஸ்பிஎஃபில் உள்வரும் டிஸ்ட்ரிபியூட்-லிஸ்ட் (வழிகளை வடிகட்டும் பட்டியல்) போட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது எல்எஸ்ஏவைத் தடுப்பதில்லை. அந்த ஒரு திசைவியின் அட்டவணையில் மட்டும் வழியைத் தடுக்கிறது. பின்னால் உள்ள திசைவிகளுக்கு இது தெரியாது, பாக்கெட்டுகளை இங்கேயே அனுப்பும். வேறு பொருந்தும் வழி இல்லாவிட்டால் இங்கே அவை விழுந்து மடியும். வடிகட்ட வேண்டுமானால் ஏரியா எல்லையிலோ மறுபகிர்வுப் புள்ளியிலோ செய்வதே முறை.

இத்தனையும் பார்க்கும் முன், சரியான விஆர்எஃபின் (ஒரே திசைவிக்குள் தனித்தியங்கும் வழியட்டவணைப் பிரிவு) அட்டவணையைத்தான் பார்க்கிறீர்களா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிலைக்காத வழி

வந்து, தேறி, போய்விடுகிறது. அட்டவணையில் வழியின் வயது எப்போதும் சில வினாடிகளே என்றால் இது அந்த வகை. ஒரே ஏரியாவில் இரு திசைவிகளுக்கு ஒரே ரௌட்டர் ஐடி (திசைவியின் அடையாள எண்) அமைந்தால், ஒன்று விட்ட எல்எஸ்ஏவை மற்றது தன்னுடையதாக எண்ணி வரிசை எண்ணைக் கூட்டி மீண்டும் விடும். எல்எஸ்ஏ இயல்பாகப் புதுப்பிக்கப்படுவது 1800 வினாடிக்கு ஒருமுறை. சில வினாடிக்கொருமுறை வரிசை எண் ஏறினால் ஐடி மோதல் என்று சந்தேகிக்கலாம். டனலின் (ஒரு வலையமைப்பின் மேல் அமைத்த மெய்நிகர் இணைப்பு) மறுமுனை முகவரியையே டனல் வழியாகக் கற்றுக்கொண்டாலும் இதே ஆட்டம்தான்: டனல் விழும், வழி போகும், டனல் எழும். மறுமுனை முகவரிக்குத் தனியாக நிலைத்த வழி எழுதினால் நிற்கும்.

பிஜிபியில் தணிப்பு (அடிக்கடி விழுந்தெழும் வழியைத் தற்காலிகமாக அடக்கும் வசதி) இயக்கப்பட்டிருந்தால், நிலைத்துவிட்ட பின்னும் வழி ஒளிந்திருக்கும். சிஸ்கோவின் இயல்பு மதிப்புகளில் ஒவ்வொரு விழுதலுக்கும் தண்டம் 1000. 2000-ஐத் தாண்டினால் அடக்கப்படும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகி 750-க்குக் கீழ் வந்தால் திரும்பும். அதிகபட்சம் 60 நிமிடம்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்றும் இருக்கிறது: வழியட்டவணையில் வரி உண்டு, பாக்கெட் மட்டும் போகாது. பாக்கெட்டைத் தள்ளுவது வன்பொருளில் உள்ள முன்னனுப்பு அட்டவணை. அது நிரம்பினால் புதிய வரிகள் இறங்காது. உலக பிஜிபி அட்டவணை 2014 ஆகஸ்ட் 12 அன்று 5,12,000 வரிகளைத் தாண்டியபோது பழைய கருவிகள் பல இப்படித்தான் திணறின. இதை ‘ரூட் மிஸ்ஸிங்’ என்று பதிவு செய்யாமல் ‘இறங்காத வழி’ என்று தனியாகக் குறித்தால், அடுத்து வருபவர் ஓஎஸ்பிஎஃப் அண்டைகளைத் துருவாமல் நேரே வன்பொருள் கொள்ளளவைப் பார்ப்பார்.